ஓநாய் படம் போட்ட குளியல் தொப்பி

போன வருடம் ரோமில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டலில் அறை எடுத்திருந்தோம். பெட்டியை வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். வாஷ்பேசின் ஓரத்தில், சோப்புக்குப் பக்கத்தில், அது இருந்தது. தலை நனையாமல் குளிப்பதற்கு ஹோட்டல்காரர்கள் வைக்கிற பிளாஸ்டிக் தொப்பி. விளிம்பில் எலாஸ்டிக் வைத்து, நாலாக மடித்து, சின்ன அட்டைப் பெட்டிக்குள் போட்டிருந்தார்கள். எந்த ஊர் ஹோட்டலிலும் கிடைக்கிற சாதாரணச் சாமான்தான். அதை எடுத்து, அடுக்கி வைத்திருந்த துவாலைகளுக்கு அடியில் தள்ளி மறைத்தேன். அறைக்குள் என் ஓரகத்தியின் மகள் துணிகளை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் இது பட்டுவிடக் கூடாதே என்று பதறினேன்.

இதே ஊரிலிருந்து அப்படி ஒரு தொப்பி எங்கள் குடும்பத்துக்குள் வந்தது. தொண்ணூற்றெட்டாம் வருடத்தின் கடைசியில். ஓசியில் கிடைத்தது என்று சந்தோஷமாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் எங்கள் வீட்டில் ஒருவர் உயிரோடு இல்லை. இத்தனை வருடம் இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் கோபம் வந்துவிடும், பாதியில் எழுந்து போய்விடுவேன். இப்போதாவது உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

என் கணவரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணனை, எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்து வழக்கப்படி, மாமா என்பேன். அவர்கள் எங்களுக்கு முன்பே அமெரிக்காவில் சன்னிவேல் என்ற ஊருக்கு வந்து குடியேறியவர்கள். மாமாவுக்கு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. அக்கா வரலாறு படித்தவள். படித்து என்ன பயன்? கணவர் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்த மனைவிகள் அப்போது வேலைக்குப் போகக் கூடாது. காலையில் ஆண்களை கம்பெனி பஸ் அள்ளிக்கொண்டு போய்விடும்; மாலை வரை வீடு, குழந்தை, சமையல். மற்றவர்கள் டிவி பார்த்தார்கள். அக்கா மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நூலகத்துக்கு நடந்தாள். அங்கே பயணப் புத்தக அலமாரியில் இத்தாலியைக் கண்டுபிடித்தாள். அவ்வளவுதான், அப்புறம் அந்தப் பைத்தியம் அவளை விடவே இல்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே வெனிஸில் எந்தப் படகு எந்தத் துறையில் நிற்கும் என்று சொல்வாள். எல் கமினோ ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஃப்ளாரன்ஸ் தேவாலயத்தின் கோபுரத்தை எப்படிக் கட்டினார்கள் என்று ஆரம்பிப்பாள். "நீ ஒரு தடவ கூட்டிட்டுப் போயிருண்ணா, இல்லாட்டி அண்ணி நம்மள இத்தாலியனா மாத்திருவாங்க" என்று என் கணவர் அண்ணனைக் கிண்டல் செய்வார்.

அவர்கள் குடியிருந்தது பழைய அடுக்குக் குடியிருப்பு. ஹாலை ஒட்டி ஓர் அலமாரி. அதற்குள் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர். அலமாரியின் பின்சுவரில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வட்டமான துளைகள், தகர வளையம் போட்டு, வெளி நடைபாதைப் பக்கம் திறந்திருக்கும். எதற்கு அவை என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஊரில் ஹீட்டர் பார்த்தவர்களா நாங்கள்? எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அக்கா வீட்டில் தாளித்தால் அந்தத் துளைகள் வழியாக வாசனை நடைபாதைக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். ஒரு நாள் மேனேஜர் வந்து, புகார் வந்திருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

மாமாவுக்கு அதுவே போதும். அவர் யாரிடமும் ஒரு சொல் வாங்காதவர். கிரீன் கார்டு நடந்துகொண்டிருந்த நேரம். ரோட்டில் ஹாரன் அடித்தால்கூட யாராவது நம்மைப் பற்றி எங்காவது எழுதிப் போட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிற காலம் அது. அன்றைக்கே மளிகைக்கடை பிளாஸ்டிக் பைகளைக் கத்தரித்து இரண்டு துளைகளையும் டேப் போட்டு ஒட்டினார். சமைக்கும்போது ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். நம் சாம்பார் வாசனை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்றார்.

அந்த வருடம் குளிர் ஆரம்பித்து ஹீட்டர் போட்டதும் அக்காவுக்குத் தலைவலி வந்தது. நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குகிற வலி என்பாள். பகல் முழுக்க இருக்கும். வெளியே நடந்துவிட்டு வந்தால் குறையும். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். குமட்டல் வேறு. எனக்கு அது கண்ணாடி பவர் என்று தோன்றியது. என் கணவர் காபியைக் குறைக்கச் சொன்னார். கோயம்புத்தூரிலிருந்து மாமியார் போனில் இரண்டாவது குழந்தையோ என்று சந்தோஷப்பட்டார். மாமாவோ, காலையில் போய் இருட்டியபின் வருகிறவர், "வெதர் செட் ஆகல, ஊர் ஞாபகம், வேற என்ன" என்று முடித்துவிட்டார். டேப் சூட்டில் இளகி அடிக்கடி உரிந்து விழும். அந்த நாட்களில் அக்கா நன்றாக இருப்பாள். இதெல்லாம் பின்னால் யோசித்து யோசித்துக் கோத்தது. அப்போது யார் கவனித்தார்கள்?

மகளுக்கு ஐந்து வயது. அவளும் சோபாவில் சுருண்டுகொண்டு, "அம்மா, மை ஹெட் ஹர்ட்ஸ் டூ" என்பாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மா செய்வதையெல்லாம் அப்படியே செய்கிற வயது என்றோம். அவளுக்குப் புடவை மாதிரி துப்பட்டா சுற்றிவிட்டு, நெற்றியில் கை வைத்து நடந்து காட்டச் சொல்லி போட்டோகூட எடுத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிடப் போனால் எங்களுக்கும் கண் சொக்கும். அக்கா கைச் சமையல், சாப்பாட்டு மயக்கம் என்று பாராட்டிவிட்டுக் கார்ப்பெட்டில் படுத்துத் தூங்குவோம்.

டிசம்பர் கடைசி வாரம் கம்பெனிகளெல்லாம் மூடிவிடும். அதைப் பிடித்து மாமா இத்தாலிக்கு டிக்கெட் போட்டார், எங்களையும் சேர்த்து. அவர் நல்ல மனிதர், அதையும் எழுதத்தான் வேண்டும். மனைவி தலைவலி என்று படுத்திருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஆசைப்பட்ட ஊரைக் காட்டினால் சரியாகிவிடும் என்று நம்பினார். ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடியோடு ஐந்து பேரும் கிளம்பினோம்.

ரோம் அந்த வருடம் முக்காடு போட்டுக்கொண்டிருந்தது. இரண்டாயிரமாவது ஆண்டுத் திருவிழாவுக்காக ஊரையே பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய தேவாலயத்தின் முகப்பே தெரியவில்லை. சாரமும் பச்சை வலையுமாக நின்றது. "காசு குடுத்து மூங்கில் சாரம் பாக்க வந்தோம் பாரு" என்றார் என் கணவர். அக்கா காதில் வாங்கவில்லை. வலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியுமே. கொலோசியத்தில் மிருகங்களை எந்த வழியாக மேலே ஏற்றினார்கள் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். குளிரில் நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். அவள் மப்ளரை அவிழ்த்துவிட்டு முன்னால் ஓடினாள். அந்த ஹோட்டல் ஜன்னல்களின் மரக்கதவு சரியாக மூடாது. இரவெல்லாம் காற்று வீசியது. காலையில் அக்கா எழுந்து, தலையை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, தலவலியே இல்லீங்க" என்றாள். குழந்தை மாதிரி சிரித்தாள்.

அந்த ஹோட்டலில்தான் தொப்பிகள். ரோம் நகரத்து அடையாளமான பெண் ஓநாய், அடியில் இரண்டு குழந்தைகள் பால் குடிக்கிற படம், பொன் நிறத்தில் அச்சடித்திருந்தது. தினமும் அறை துடைக்க வருகிறவள் புதிதாக வைப்பாள். தினமும் அக்கா எடுத்துப் பெட்டியில் போடுவாள். என் அறையில் இருந்ததையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். "மாவுச் சட்டிக்கு மூடி போட இத விட நல்ல சாமான் கெடைக்காது. எலாஸ்டிக் பாரு, கச்சுனு புடிக்கும்" என்றாள். அமெரிக்காவில் நம்மவர்கள் பாதிப் பேர் வீட்டு ஃப்ரிட்ஜில் இட்லி மாவு அப்படித்தான் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நேப்பிள்ஸ் பக்கம் போனபோதுதான் எனக்கு மனதுக்கு என்னவோ போலாகிவிட்டது. எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பொம்பெய் நகரத்தில், கண்ணாடிக்குள் கிடந்த, செத்தவர்களின் அந்த வார்ப்பு உருவங்கள்: ஒருவன் முழங்காலை மடக்கி மூக்கை மூடியபடி, ஒரு நாய் கயிற்றோடு முறுக்கிக்கொண்டு. எரிமலைக் குழம்பு வந்து எரித்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அக்கா இல்லையென்றாள். மூச்சு முட்டிச் செத்தவர்கள் நிறையப் பேர் என்றாள். மறுநாள் போட்சுவோலி என்ற ஊரில் ஓர் எரிமலை வாய்க்குள்ளேயே நடக்கவிட்டார்கள். வெள்ளை மண், காலடியில் வெதுவெதுப்பு, அழுகின முட்டை நாற்றம். இப்போது அதை மூடிவிட்டார்கள் என்று கேள்வி. அங்கே நின்றுதான் அக்கா நாய்க்குகைக் கதையைச் சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு சின்னக் குகை இருந்ததாம். அதில் தரையை ஒட்டி ஒரு காற்று தேங்கி நிற்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. முந்தின காலத்தில் ஊர் சுற்ற வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டிகள் அதை வேடிக்கை காட்டுவார்களாம். "மனுசன் நின்னுட்டிருந்தா ஒண்ணும் ஆகாதாமுங்க. நாய உள்ள உட்டா மயங்கி உழுந்துருமாம். தூக்கியாந்து ஏரிக்கரைல போட்டா, வெளிக்காத்து பட்டு எந்திரிச்சுக்குமாம். பாக்கறவங்க கை தட்டுவாங்களாம். அடுத்த ஆளு வந்தா மறுபடி அதே நாய்." மாமா மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றிருந்தார். "நாய் நடிச்சிருக்கும். ட்ரெயினிங் குடுத்திருப்பாங்க" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்காதான் அதிகம் சிரித்தாள்.

பைசாவில் சாய்ந்த கோபுரத்துக்குள் விடவில்லை. பல வருடமாகவே மூடிக் கிடந்தது. விழுந்துவிடாமல் இருக்க ஒரு பக்கம் ஈயப் பாளங்களை அடுக்கி, இரும்புக் கயிறு கட்டி இழுத்துப் பிடித்திருந்தார்கள். போட்டோவில் பார்த்தபோது அழகாக இருந்தது. பக்கத்தில் போனால் அடியில் நிற்கவே பயமாக இருந்தது. வெனிஸில் ஒரு காலை சைரன் ஊதியது. கடல் தண்ணீர் ஏறப்போகிறது என்று அர்த்தமாம். கடைக்காரர்கள் ஒரு பதற்றமும் இல்லாமல் வாசலுக்குப் பலகை அடைத்தார்கள், தெருவில் பெஞ்சு போட்டார்கள், நாங்கள் அதன்மேல் வரிசையாக நடந்தோம். இவர்களுக்காவது சொல்ல ஒரு சைரன் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை; இப்போது தோன்றுகிறது.

திரும்புகிற ரயிலில் மாமா என் கணவரிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. "கவனிச்சியாடா? வந்ததுல இருந்து ஒரு நாள்கூட தலவலினு சொல்லல. நடக்கறா, மாடி ஏறறா, சாப்படறா. சன்னிவேல்ல மட்டும் எப்படி வருது?" நல்ல கேள்விதான். அதற்கு அவர் கண்டுபிடித்த பதில்தான் எங்கள் குடும்பத்தை அழித்தது. அவளுக்குத் தலைவலி இல்லை, வீட்டு வேலை செய்ய இஷ்டமில்லை, அமெரிக்கா பிடிக்கவில்லை, அதற்கு ஒரு சாக்கு என்று அவர் முடிவு கட்டிவிட்டார். எந்த ஒரு விஷயம் அவளைக் காப்பாற்றியிருக்க வேண்டுமோ அதையே அவள்மேல் குற்றமாகச் சுமத்தினார்.

வீட்டுக்கு வந்த முதல் வாரமே அந்தத் துளைகளில் பை உரிந்து தொங்கியது. மாமா டேப்பைத் தேடினார், கிடைக்கவில்லை. சமையல் மேடையில் அக்கா அடுக்கி வைத்திருந்த தொப்பிகளில் இரண்டை எடுத்துத் தகர வளையத்தின்மேல் மாட்டினார். அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்தியது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது அலமாரியைத் திறந்து எங்களுக்குப் பெருமையாகக் காட்டினார். சுவரில் பொன் நிறத்தில் ஓநாய். "மாவுச் சட்டிக்குக் கொண்டாந்தது செவுத்துக்கு ஆச்சு" என்றாள் அக்கா. அப்போதே அவள் நெற்றியில் தைலம் பூசியிருந்தாள்.

தொப்பி டேப்பைப் போல உரியாது. அதற்குப் பிறகு அவளுக்கு நல்ல நாள் என்று ஒன்று வரவே இல்லை. வாந்தி எடுத்தாள். பேச்சில் தடுமாற்றம் வந்தது. இத்தாலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள். மகள் விளையாடாமல் தூங்கித் தூங்கி விழுந்தாள், சளி என்றார்கள். டாக்டர் ரத்தம் பார்த்தார், கண் பார்த்தார், கடைசியில் மன அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாமா அதைப் பிடித்துக்கொண்டார். பார், டாக்டரே சொல்லிவிட்டார் என்றார்.

ஆனால் அக்கா முட்டாள் இல்லை. அவளுக்குக் காரணம் தெரியவில்லை, இடம் தெரிந்துவிட்டது. ஜன்னலைத் திறந்து அதன் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள். இரவில் படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைப்பாள். மாமா எழுந்து மூடுவார். அவர் தூங்கியதும் மறுபடி திறப்பாள். ஒரு மாலை நானும் என் கணவரும் இருக்கும்போதே சண்டை வெடித்தது.

"ஏனுங்க, இந்த வூட்டுல என்னமோ இருக்குதுங்க. அங்க இல்ல, இங்கதான் இருக்குது."

"என்ன இருக்கு? பேயா? கொழந்தைக்கு சளி புடிச்சிருக்கு, நீ விண்டோ ஓப்பன் பண்ணி வெக்கற. ஹீட்டர் பில் யாரு கட்டறது?"

"வூடு மாத்தலாமுங்க. எனக்காக வேண்டாம், பாப்பாவுக்காக."

"லீஸ் இருக்கு. உன் டிராமாவுக்கெல்லாம் லீஸ் ப்ரேக் பண்ண முடியாது."

அக்கா அழவில்லை. "அந்த நாய் நடிக்கலீங்க" என்றாள்.

அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அன்றைக்குத்தான் எல்லோரும் முடிவுக்கு வந்தார்கள். நாய் என்கிறாளே, எந்த நாய்? போட்சுவோலியில் சொன்ன கதை அங்கே ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடலாம், ஆறு மாதம் இருந்துவிட்டு வரட்டும் என்று மாமியாரும் மாமாவும் போனில் பேசி முடித்தார்கள். மகள் இங்கேயே டேகேரில் இருக்கட்டும் என்றார் மாமா. அந்த வருடம் பள்ளிக்கூடம் சேர்க்க வேண்டும். அக்கா எதற்கும் மறுப்பு சொல்லவில்லை, இதற்கு மட்டும் சொன்னாள். மகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாப்பா இல்லாம நான் அசைய மாட்டேனுங்க. போலீசைக் கூப்படறதுன்னா கூப்புடுங்க" என்றாள். யாரிடமும் தலை குனிந்தே பேசுகிறவள், அன்றைக்கு அந்தக் குரலில் பேசினாள். மாமா விட்டுக்கொடுத்தார். அந்த ஒரு பிடிவாதத்துக்காக நான் இன்றைக்கும் அவளைக் கும்பிடுகிறேன்.

விமான நிலையத்தில் அவள் மாமாவிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள். ஜன்னலை மூடாதீர்கள், நான் பைத்தியமாகவே இருந்துவிட்டுப் போகிறேன், ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள் என்றாள். அவர் சரி சரி என்று தலையாட்டினார். அவள் உள்ளே போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அவரும் அவளை நேசித்தவர்தான். அதனால் என்ன, யாரைக் காப்பாற்றியது அது?

கோயம்புத்தூரில் இறங்கிய சில நாளிலேயே அம்மாவுக்கும் மகளுக்கும் தலைவலி போய்விட்டது என்று போன் வந்தது. பார்த்தாயா என்றார் மாமா.

மார்ச் மாதம் ஒரு வார இறுதியில் விடாமல் மழை. மாமாவுக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது, ஒரேயடியாகத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று வெள்ளிக்கிழமை போனில் சொன்னார். தலை கனமாக இருக்கிறது என்றும் சொன்னார். ரசம் கொண்டுவரட்டுமா என்றேன். வேண்டாம், தூங்கப் போகிறேன் என்றார். திங்கட்கிழமை அவர் கம்பெனியிலிருந்து என் கணவருக்குப் போன் வந்தது, உங்கள் அண்ணன் வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்று. இவரும் மேனேஜரும் சாவி போட்டுத் திறந்தார்கள். ஜன்னல்கள் எல்லாம் இறுக்கி மூடியிருந்தன. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, நன்றாகத் தூங்குகிறவர் போலவே கிடந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்புக்காரர்கள் எல்லோரையும் வெளியே நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் கையில் சின்னக் கருவியோடு உள்ளே போனார்; வாசலைத் தாண்டும்போதே அது அலறியது. அந்த அலறலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகு அவர் எங்களுக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். கேஸ் எரிவதற்குக் காற்று வேண்டும். அந்தத் துளைகள் அதற்காகத்தான். அடைத்துவிட்டால் சரியாக எரியாது. நிறமும் வாசனையும் இல்லாத விஷக்காற்று கிளம்பி வீட்டுக்குள் சேரும். முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், அப்புறம் தூக்கம். பகலெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அதிகம் தாக்கும் என்றார். இந்த வீட்டில் வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டார். அவருடைய கையுறை போட்ட கைக்குள் தொப்பியின் ஓநாய் படம் கசங்கிக் கிடந்தது.

அவள் திருட்டுத்தனமாகத் திறந்து திறந்து வைத்த ஜன்னல்தான் அத்தனை நாளும் மூன்று பேரையும் உயிரோடு வைத்திருந்தது. அவளை அனுப்பிவிட்டோம். திறக்க ஆள் இல்லை.

கோயம்புத்தூருக்கு நான்தான் போன் செய்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திணறினேன். மறுமுனையில் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கதறவில்லை. கடைசியில், "ஜன்னல் தொறந்திருந்துதா?" என்று மட்டும் கேட்டாள். இல்லைக்கா என்றேன். போனை வைத்துவிட்டாள்.

கணவர் போனதும் அவளுடைய விசாவும் போய்விட்டது; அமெரிக்காவில் இருக்க அவளுக்கு உரிமை இல்லை. வீட்டுச் சாமானையெல்லாம் நாங்கள்தான் காலி செய்து அனுப்பினோம். மிச்சம் இருந்த தொப்பிகளை நான் குப்பையில் போட்டேன். ஆனாலும் அக்கா மறக்கவில்லை. சில வருடம் கழித்து ஊருக்குப் போயிருந்தபோது, தோசை வார்த்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "நாந்தானே கொண்டாந்தேன்" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு டிசம்பர், அந்த வீட்டில் அத்தனை ஜன்னலும் திறந்திருந்தன, கொசு மொய்த்தது.

மகள் கோயம்புத்தூரில் வளர்ந்து, அமெரிக்காவில் பிறந்தவள் என்பதால் மேல்படிப்புக்கு நாங்கள் இப்போது இருக்கிற பிளசன்டன் ஊருக்கு, எங்களிடம் வந்தாள். இப்போது வேலையில் இருக்கிறாள். அம்மா படித்துப் படித்துப் பேசிய ஊரை ஒருதரம் ஒழுங்காகப் பார்க்க வேண்டும், நீங்கள் கூட வாங்க சித்தி என்று அவள் கேட்டதால்தான் இந்தப் பயணம். அக்காவையும் கூப்பிட்டோம். நீங்கள் போய்வாருங்கள் என்றாள்.

ஆகவே ரோம், அந்தக் குளியலறை, துவாலைக்கு அடியில் நான் மறைத்த தொப்பி. மாலையில் வெளியே போய்விட்டு வந்தோம். சாரமெல்லாம் எப்போதோ பிரித்துவிட்டார்கள், தேவாலயம் முழுதாக நின்றது, நான் ரசிக்கவில்லை. அறைக்குத் திரும்பியதும் அவள் குளிக்கப் போனாள். நான் எதையோ யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். கதவு திறந்தது. தலை துவட்டத் துவாலையை உருவியிருக்கிறாள், அதோடு அந்த அட்டைப் பெட்டியும் வந்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்கதான ஒளிச்சு வெச்சீங்க?"

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"எனக்கு அப்பா முகம்கூட போட்டோவ பாத்தாத்தான் ஞாபகம் வருது சித்தி. ஆனா அந்த சோபா ஞாபகம் இருக்கு. நீங்க எல்லாம் சிரிச்சது ஞாபகம் இருக்கு." அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் அம்மாவப் பாத்து சொல்லல. எனக்கு நெசமாலுமே வலிச்சுது."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், வேறு என்ன செய்ய? அப்போது அவளுடைய போன் அடித்தது. கோயம்புத்தூரில் பின்னிரவாக இருக்கும். மகள் எந்த ஊரில் தங்கினாலும் அக்கா தூங்காமல் காத்திருந்து கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஸ்பீக்கரில் போட்டாள். நலம் விசாரிக்கவில்லை, ரோம் எப்படி என்று கேட்கவில்லை.

"பாப்பா, ஜன்னல் தொறந்திருக்குதா?"

மூடித்தான் இருந்தது. அவள் எழுந்துபோய்க் கொண்டியை நீக்கி இரண்டு கதவையும் தள்ளினாள். தெருச் சத்தமும் குளிரும் உள்ளே வந்தன. அட்டைப் பெட்டி கட்டில்மேல் என் பக்கத்திலேயே கிடந்தது.

"தொறந்திருக்கும்மா" என்றாள். "நீ படுத்துக்க."